பிரேக் அக்காவும் மூன்றாவது காயிலும்

சும்மா உட்கார்ந்திருப்பது பிரேக் அக்காவுக்கு ஆகவே ஆகாது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். சோபாவில் சாய்ந்து படம் பார்க்கும்போது திரையில் எவனாவது வண்டியை வளைவில் வேகமாகத் திருப்பினால், கால் தானாகப் போய் எதிரே இருக்கிற டீப்பாயை மிதிக்கும். அந்த டீப்பாயின் ஒரு பக்கம் ஆட்டம் கண்டதே அப்படித்தான்.

தொழில் அப்படி. கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறாள். பள்ளி என்றதும் பெரிய கட்டடம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பழைய வெள்ளைக் கார், அதன் தலையில் மஞ்சள் பலகை, வீட்டு முன்னறையில் ஒரு மேஜை, சாலைக் குறிகள் அச்சடித்த ஒரு சுவர்ப்படம். முதலாளி, டீச்சர், வண்டி கழுவுகிற ஆள் எல்லாம் அவள் ஒருத்திதான். பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. நாள் முழுக்க ஸ்டியரிங்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த இரண்டாவது பிரேக்கின் மேலேயே காலை வைத்திருப்பவளுக்கு மாணவர்கள் வைத்த பேர்தான் பிரேக் அக்கா. நானும் அவளிடம்தான் ஓட்டப் பழகினேன். என் பயிற்சிக் காலத்தில் அந்த பிரேக்குக்குச் சம்பளம் கொடுத்திருந்தால் அது வீடே கட்டியிருக்கும்.

அவள் வீட்டுக்காரர் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர். வேலையும் குளிர், ஆளும் குளிர். அக்கா வீடு முழுக்க நடந்துகொண்டே பேசுவாள். அவர் இருந்த இடத்திலிருந்து தலையை மட்டும் திருப்புவார். இருவருக்கும் சேர்த்து ஒரு மனிதருக்கு வேண்டிய நிதானம் சரியாக இருந்தது, ஒரே பக்கமாகச் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த வெள்ளைக் காரை அவள் வாங்கிய கதையில் ஒரு சண்டை இருக்கிறது. முன்பு அவள் வேறொரு பயிற்சிப் பள்ளியில் போன் எடுக்கும் வேலைக்குப் போனாள். போன் எடுக்கப் போனவள் சாவி எடுத்தாள், அங்கேயே டீச்சரும் ஆனாள். வயதாகிப்போன முதலாளி பள்ளியை மூடியபோது, இரட்டை பிரேக் வைத்த இந்த வண்டியை அவளுக்கே தருவதாகச் சொன்னார். வாங்குவதற்கு முன்னால் கைதேர்ந்த ஆள் ஒருவர் பார்த்தால் நல்லது என்று அத்தானைக் கூப்பிட்டாள். அத்தான் என்றால் அவளுடைய அக்காவின் கணவர். கடைத்தெருவில் கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர். வந்தார், பானெட்டைத் திறந்தார், மூடினார்.

"இது வண்டி இல்ல, பேரீச்சம்பழத்துக்குப் போடற சாமான். இதை வாங்கினா நீ வாரத்துக்கு ஒரு தடவை என் கடை வாசல்ல வந்து நிப்பே."

பழைய முதலாளி, அவர் பிள்ளைகள், கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். அக்காவுக்கு முகம் ஜிவ்வென்று ஏறியது.

"உங்க கடையில ஒரு ஸ்குரூகூட வாங்க மாட்டேன் அத்தான். எழுதி வச்சுக்கங்க."

வண்டியை வாங்கினாள். வருஷங்கள் ஓடின, வண்டியும் ஓடியது, ஸ்குரூ வாங்கவில்லை. அத்தான் வீடு கடைக்கு மேல் மாடியில். அதனால் உடன்பிறந்த அக்காவைப் பார்ப்பதற்குக்கூட அங்கே போவதில்லை. பெரியவளும் சின்னவளும் யாராவது உறவுக்காரர் வீட்டில் சந்தித்துக்கொள்வார்கள். மற்றதெல்லாம் போனில்தான்.

இந்த நிலைமையில்தான் வண்டி உதற ஆரம்பித்தது.

முதலில் சிக்னலில் நிற்கும்போது மட்டும். இன்ஜின் சீராக உறுமாமல், இடையிடையே ஒரு விக்கல் விக்கியது. விக்கல் வரும்போது கண்ணாடி நடுங்கும், கண்ணாடியில் தெரிகிற பின்வண்டிக்காரனும் நடுங்குவான். பிறகு மேட்டில் ஏறும்போது இழுக்க மறுத்தது. டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது.

அன்றைக்கு ஸ்டியரிங்கில் இருந்தது டெய்லரம்மா. பள்ளிச் சீருடை தைக்கிறவர், ஐம்பதைத் தாண்டியவர். வெளியூருக்கு வேலைக்குப் போன மகன் தன் காரை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போயிருந்தான். தைத்த துணி மூட்டைகளை அதில் ஏற்றிக்கொண்டு தானே பள்ளிக்கூடங்களுக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. ஓட்டத் தெரியும், டெஸ்ட் கொடுக்கத்தான் வராது. பரீட்சை அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்ததும் கை வியர்த்து, வண்டியை நடுரோட்டில் ஆஃப் பண்ணிவிடுவார். ஏற்கெனவே சில முறை கோட்டை விட்டாயிற்று. அடுத்த வாரம் மறுபடி டெஸ்ட்.

வண்டி உதறியதும் டெய்லரம்மா முகம் வெளுத்தது.

"டீச்சர், கிளட்சைத் தப்பா விட்டுட்டேனா?"

"நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. வண்டிக்கு உடம்பு சரியில்ல."

"இல்ல டீச்சர், என் கைராசி. மிஷின்ல உட்கார்ந்தா ஊசி உடையுது, கார்ல உட்கார்ந்தா கார் உடையுது."

அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. கற்றுக்கொள்கிறவர் தன் தப்பு எது, வண்டியின் தப்பு எது என்று தெரியாமல் ஓட்டினால் எப்படி உருப்படும்? பாடத்தைப் பாதியில் நிறுத்தி, டெய்லரம்மாவை வீட்டில் விட்டுவிட்டு, நேராக மெக்கானிக்கிடம் போனாள்.

மெக்கானிக் ஒரு கருவியை வண்டியில் சொருகிப் பார்த்தார். "மிஸ்ஸிங் அடிக்குது. சிலிண்டர்ல பொறி சரியா விழல, இக்னிஷன் காயில் போயிருக்கு. சிலிண்டருக்கு ஒண்ணா நாலு காயில் இருக்கு, பேட்டரி கரண்ட்டை ஏத்தி பிளக்குக்கு அனுப்பறது அதுங்கதான். நாலையும் மாத்திடலாம், பிளக்கும் சேர்த்து."

அவர் சொன்ன தொகை வீட்டு வாடகையை விடப் பெரியது. அக்கா நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"நாலும் ஒரே நேரத்துல எப்படிங்க போகும்?"

"நாலும் போகாது. ஒண்ணுதான் போயிருக்கும். எதுன்னு பாக்கணும்னா ஒவ்வொண்ணா கனெக்டரைக் கழட்டி, ஸ்டார்ட் பண்ணிக் கேக்கணும். நல்ல காயிலோடதைக் கழட்டினா இன்ஜின் இன்னும் மோசமா உதறும். செத்ததைக் கழட்டினா எந்த வித்தியாசமும் தெரியாது. அவ்வளவுதான் விஷயம். ஆனா வாசல்ல நிக்கற வண்டி வரிசையைப் பாருங்க. எனக்கு அதுக்கெல்லாம் நேரம் இல்ல, நாலும் மாத்தினா திரும்பி வந்து என்னைத் திட்ட மாட்டீங்க."

அந்த மனிதர் ஒளிவுமறைவில்லாமல் வழி சொல்லித்தான் அனுப்பினார். கேட்டு நடந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொன்றாகக் கேட்பதற்கெல்லாம் பொறுமை வேண்டுமே! வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் போனில் தேடிவிட்டாள். ஊர் பேர் தெரியாத கம்பெனிக் காயில், நாலும் சேர்ந்த செட், ஒரு ஒரிஜினல் காயிலின் விலைகூட இல்லை. படத்தில் பளபளவென்று இருந்தது. பட்டனைத் தட்டினாள்.

பார்சல் வரும்வரை அவள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே. ஃப்ரிட்ஜ் உறுமினால் "மிஸ்ஸிங் அடிக்குது" என்பாள். வாஷிங்மெஷின் சுற்றினால் காதைச் சாய்ப்பாள். மின்விசிறி கடகடவென்றால் எழுந்து போய் ஆஃப் பண்ணுவாள்.

"ஏங்க, உங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்குது," என்றார் வீட்டுக்காரர். "நீ நடக்கிற சத்தம்தான்."

பார்சல் வந்த அன்றே காயிலை மாட்டினாள். ஒவ்வொன்றையும் ஒரே ஒரு போல்ட்தான் பிடித்திருந்தது. கனெக்டரின் நாக்கை அழுத்தி இழுத்தாள், போல்ட்டைக் கழற்றினாள், பழையதை உருவினாள், புதியதைச் சொருகினாள். இவ்வளவுதானா என்று அவளுக்கே சப்பென்று ஆகிவிட்டது. கீழே இருக்கிற பிளக்குகளைக் கழற்ற நீளமான குழாய் ஸ்பேனர் வேண்டும், அது கையில் இல்லை. பிளக் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். பழைய காயில்களை ஒரு துணிப்பையில் போட்டு டிக்கியில் எறிந்தாள். சாவியைத் திருப்பினால் இன்ஜின் பூனைபோல உறுமியது. அன்றைக்கு அக்கா வீட்டுக்காரருக்கு டீ போட்டுக் கொடுத்து, தானும் உட்கார்ந்து குடித்தாளாம். உட்கார்ந்து!

அந்த நிம்மதி அற்பாயுசு. டெஸ்ட்டுக்கு முன்னால் கடைசிப் பயிற்சி என்று டெய்லரம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். காலை நேரம், அலுவலகம் போகிற கூட்டம். பாலத்து ஏற்றத்தில் பாதி ஏறியிருப்பார்கள். வண்டி ஒரு உதறு உதறியது, இரண்டாவது உதறலில் மூச்சை விட்டது. பின்னால் ஒரு பஸ், அதன் பின்னால் உலகமே ஹாரன் அடித்தது.

அக்காவின் கால் பிரேக்கில் அறைந்திருந்தது. காலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆனால் டெய்லரம்மா கை பிரேக்கை இழுத்தார், நாலு இண்டிகேட்டரையும் போட்டார், பின்கண்ணாடியைப் பார்த்தார்.

"டீச்சர், ஓரமா பின்னாடியே உருட்டி விட்டுறலாமா? பஸ்காரருக்குக் கையைக் காட்டுங்க, கொஞ்சம் ஒதுங்கட்டும்."

அக்கா இறங்கிக் கையைக் காட்டினாள். பஸ் ஒதுங்கியது. டெய்லரம்மா பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, வண்டியைப் பாலத்துக்குக் கீழே இருந்த அகலமான ஓரத்துக்குப் பின்னாலேயே உருட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கியதும் நடைபாதைக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் பண்ணினேனா டீச்சர்?"

"நீங்கதாம்மா பண்ணினீங்க," என்றாள் அக்கா. "நான் ஒண்ணும் பண்ணல. நான் சும்மா மிதிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் கருகிய நெடி. புதுக் காயில்களில் இரண்டு, தொட்டால் கை சுடுகிற அளவுக்குக் கொதித்தன. ஒன்றின் கழுத்தில் முடிபோல ஒரு விரிசல். இன்ஜின் ஆறும்வரை எதையும் தொட முடியாது. அந்த ஆறுகிற நேரம் அக்காவுக்கு நரகம். காரைச் சுற்றினாள், பாலத்தின் தூணைச் சுற்றினாள், டெய்லரம்மாவையும் சுற்றினாள்.

"உட்காருங்க டீச்சர். உங்களைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது."

"உட்கார்ந்தா எனக்குச் சுத்தும்மா."

ஆறியதும் துணிப்பையிலிருந்த பழைய காயில்களையே திரும்ப மாட்டினாள். வண்டி விக்கிக்கொண்டே, ஆனால் நிற்காமல், இரண்டு பேரையும் வீட்டில் சேர்த்தது. பளபளத்த புது செட் பழைய பைக்குள் போனது.

மறுநாள் காலை வீட்டுக்காரரை ஸ்டியரிங்கில் உட்காரவைத்தாள். இப்போதுதான் மெக்கானிக் சொன்னது ஞாபகம் வந்து, நியாயமாக, ஒவ்வொன்றாகப் பார்ப்பது என்று முடிவு. இன்ஜினை நிறுத்திவிட்டு முதல் காயிலின் கனெக்டரைக் கழற்றினாள்.

"ஸ்டார்ட்!"

வண்டி தட்டுத் தடுமாறி ஆடியது. இது நல்ல காயில்.

"ஆஃப்!"

பதில் இல்லை. எட்டிப் பார்த்தால் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கின் மேல் செய்தித்தாளை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"இந்த நேரத்துல பேப்பரா?"

"நீ கனெக்டரைத் தேடற நேரத்துல ஒரு செய்தி படிக்கலாம்."

முதலாவதைத் திரும்ப மாட்டி இரண்டாவதைக் கழற்றினாள், அதிலும் ஆட்டம். மூன்றாவதைக் கழற்றினாள். வண்டி முன்னே எப்படி விக்கியதோ அப்படியே விக்கியது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் காயில்தான் குற்றவாளியா, அதன் கீழே இருக்கிற பிளக்கா என்று தெரிய வேண்டும். மூன்றாவது காயிலை முதல் இடத்திலும் முதலாவதை மூன்றாவது இடத்திலும் மாற்றி மாட்டிவிட்டு மறுபடி சோதித்தாள். இப்போது முதல் இடத்தைக் கழற்றினால் வித்தியாசம் இல்லை. நோய் காயிலோடு இடம் மாறியிருந்தது.

"ஒண்ணே ஒண்ணுதாங்க போயிருக்கு! மூணும் நல்லாத்தான் இருக்கு!" தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார்.

"அப்ப ஒண்ணே ஒண்ணை ஒரிஜினலா வாங்கு. பிளக்கைப் பாத்தியா?"

பக்கத்துத் தெரு பைக் கடையில் குழாய் ஸ்பேனர் இரவல் வாங்கி வந்து பிளக்குகளைக் கழற்றினாள். நுனிகள் தேய்ந்து மழுங்கி, பொறி தாண்ட வேண்டிய இடைவெளி அகன்றுபோயிருந்தது. அவ்வளவு தூரம் பொறியைத் தாண்டவைக்க முக்கி முக்கித்தான் காயில் செத்திருக்கிறது. புதுக் காயில்கள் வெந்ததற்கும் அதுவே பாதிக் காரணம். மீதிக் காரணம் அதுகள் பிறந்த லட்சணம். பிளக் நாலும் மாற்றியே ஆக வேண்டும், அதன் விலை பெரிய விலை இல்லை.

காயிலுக்குத்தான் சிக்கல். போன் போட்ட கடைகளில் எல்லாம் ஒன்று, "செட்டாத்தான் தருவோம்" என்றார்கள், அல்லது "ஆர்டர் போட்டா பத்து நாள்" என்றார்கள். டெஸ்ட் நாளோ நெருங்கிவிட்டது. பழைய மாடல் வண்டிக்கு ஒற்றைக் காயில், ஒரிஜினலாக, கையோடு கிடைக்கிற இடம் ஊரிலேயே ஒன்றுதான். அது யார் கடை என்று சொல்லவும் வேண்டுமா?

அன்று பிற்பகல் முழுக்க அவள் அந்தக் கடைத்தெருவை நடந்தே அளந்தாள். கடைக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்பாள், அடுத்த கடையில் எதையாவது விலை கேட்பாள், மறுபடி நடப்பாள். போனால் என்ன சொல்வார்? 'வந்துட்டியா' என்பார். அந்த ஒரு வார்த்தையை நினைத்தாலே காது சுட்டது. கடைசியில் டெய்லரம்மா நடைபாதைக் கட்டையில் உட்கார்ந்து, 'நான்தான் பண்ணினேனா' என்று கேட்டது நினைவுக்கு வந்தது. செத்துப்போன காயிலைக் கையில் எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று தெருவைத் தாண்டினாள்.

அத்தான் கல்லாவில் இருந்தார். முடி நன்றாக வெளுத்திருந்தது.

"யாரு?" என்றார்.

நக்கல் பண்ணுகிறார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நான்தான் அத்தான். காயில் ஒண்ணு வேணும். இதே மாதிரி."

குரலைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. பிறகு அவர் காயிலை வாங்கி, மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணா? செட்டா மாத்தலையா?"

"மாத்திப் போட்டுப் பாத்துட்டேன். மூணாவதுதான் போயிருக்கு. பிளக் நாலும் குடுங்க."

"ம்," என்றார். அலமாரிகளுக்கு இடையில் போனார். கண்ணை மூடிக்கொண்டே சாமான் எடுப்பார் என்று பேர் வாங்கியவர், இப்போது ஒவ்வொரு பெட்டியாக எடுத்து முகத்தருகே கொண்டுபோய், விரலால் தடவி, திரும்ப வைத்தார். ஒரு பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா திறந்து பழையதோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். உயரம் ஒன்றுதான், ஆனால் சொருகுகிற இடத்தில் பழையதில் மூன்று முள், இதில் நாலு.

"அத்தான், இது வேற மாடல். முள்ளு நாலு இருக்கு."

"எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று சட்டென்று சீறினார். காயிலைப் பிடுங்கி முள்ளை எண்ணப் பார்த்தார். விரல் நுனியால் தடவினார். தடவிய விரல் அப்படியே நின்றது. அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. இவ்வளவு வருஷமும் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த அத்தனை பதிலையும் ஒதுக்கி வைத்தாள்.

"இங்க வெளிச்சம் பத்தல அத்தான்," என்றாள். "நான் எடுத்துக்கட்டுமா? எந்தத் தட்டு?"

அவர் காயிலை மேஜையில் வைத்துவிட்டு, "மேலருந்து ரெண்டாவது. இடது ஓரம்," என்றார். இடம் மட்டும் இம்மி பிசகாமல் சொன்னார். அவள் ஏறி எடுத்தாள். மூன்று முள், அதே பேர், அதே எண்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். பெரியவள் இறங்கி வந்துகொண்டிருந்தாள். தங்கையின் குரல் கேட்டு, அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடி வந்திருக்கிறாள்.

"நீயா? நிஜமாவே நீயா? கடைக்குள்ளயா நிக்கிறே?"

"காயில் வாங்க வந்தேன்க்கா."

"நல்லவேளை அந்தக் காயில் செத்துச்சு," என்று பெரியவள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் பில் போட்டார். ஒரு பைசா குறைக்கவில்லை. அக்காவும் குறைக்கச் சொல்லவில்லை. மெக்கானிக் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை.

பிளக்கை முதலில் கையாலேயே சுற்றி, மரை ஒழுங்காக உட்கார்ந்த பிறகு ஸ்பேனர் போட்டு அளவாக முறுக்கினாள். காயிலைச் சொருகினாள். சாவியைத் திருப்பியபோது வண்டி ஓடுகிறதா என்று சந்தேகமாக இருந்தது, அவ்வளவு சீர். மஞ்சள் விளக்கு ஒருநாள் எரிந்துவிட்டுத் தானாகவே அணைந்துபோனது.

டெஸ்ட் அன்று டெய்லரம்மாவின் கை வியர்க்கத்தான் செய்தது. ஆனால் அதிகாரி ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கச் சொன்னபோது, "இதைவிடப் பெரிய ஏத்தத்துல செத்த வண்டியையே உருட்டியிருக்கேன் சார்," என்றாராம். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாமலே பாஸ் போட்டார். வெளியே அக்கா வேலியோரம் நடந்து நடந்து அங்கிருந்த புல்லில் ஒரு தடமே போட்டிருந்தாள்.

வண்டி சரியாயிற்று, மாணவி பாஸ். இனிமேலாவது அவள் ஓரிடத்தில் உட்கார வேண்டுமே? உட்காரவில்லை. இன்ஜின் அமைதியானதும் மனசின் சத்தம் தெளிவாகக் கேட்டது. முள்ளைத் தடவிய அந்த விரல் கண்ணைவிட்டுப் போகவில்லை. முள் தெரியாதவருக்குத் தெருவில் குழந்தை தெரியுமா? சரக்கு வைத்திருக்கிற குடோனுக்கு அவர் இன்னும் தினமும் கார் ஓட்டிக்கொண்டுதான் போகிறார். யோசிக்க யோசிக்க அவளால் தாங்க முடியவில்லை. பெரியவளுக்குப் போன் போட்டாள்.

"கண் டாக்டர்கிட்ட போகச் சொன்னா குடோன்ல வேலை இருக்குங்கறார்," என்று பெரியவள் அழாத குறையாகச் சொன்னாள். "போன மாசம் குடோன் கேட் தூண்ல காரை இடிச்சார். தூண் நகர்ந்துருச்சுன்னு என்கிட்டயே சொல்றார். ஏய், எனக்கு ஓட்டச் சொல்லித் தர்றியா?"

"நீயா?"

"ஏன், நான் ஓட்டினா வண்டி ஓடாதா? நான் ஓட்டினா அவர் ஓட்ட வேண்டாம்ல."

முதல் பாடத்துக்கு அத்தானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். யாரும் கூப்பிடவில்லை. "வண்டி கண்டிஷன் எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்," என்றார். பெரியவள் ஸ்டியரிங்கைத் தண்ணீர்க் குடம் தூக்குவதுபோலக் கட்டிப் பிடித்தாள். அக்கா ஒன்று சொன்னால் பெரியவள் இரண்டு சொன்னாள். சின்ன வயதில் விட்ட இடத்திலிருந்து சண்டை தொடர்ந்தது. பின்னாலிருந்து அத்தான் கியர் சத்தத்துக்கெல்லாம் உரை சொன்னார். சிக்னலில் நின்றபோது இன்ஜின் சத்தமே காணோம். ஆஃப் ஆகிவிட்டது என்று நினைத்த பெரியவள், ஓடுகிற வண்டிக்குச் சாவியைத் திருப்பினாள். கர்ரென்று ஒரு அலறல். மூன்று பேரும் சேர்ந்து அலறினார்கள்.

"ஸ்டார்ட்டர் பல்லு போயிரும்!" என்றார் அத்தான்.

"போனா உங்க கடையில இருக்குல்ல, பேசாம வாங்க," என்றாள் பெரியவள்.

அந்தப் பாடங்கள் தொடர்ந்தன. ஒருநாள் அத்தான் பின் சீட்டிலிருந்தபடி, "அந்தப் பலகையில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். இருவரும் படித்துச் சொன்னார்கள். கண்ணைச் சுருக்கி அடுத்த பலகையையும் பார்த்தார். பிறகு, "எந்த டாக்டர்கிட்ட போலாம்?" என்றார். கார் சாவியை அன்றே மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

கண்ணில் புரை என்றார் டாக்டர். ஆபரேஷன் அன்று பெரியவள்தான் ஓட்டிப் போனாள், அக்கா பக்கத்தில். உள்ளே அத்தானைக் கூட்டிக்கொண்டு போனதும் பெரியவள் காத்திருக்கும் அறையில் அமைதியாக உட்கார்ந்துவிட்டாள். அக்காவால் முடியவில்லை. வெளியே வந்து வண்டிகள் நிற்கிற இடத்தில் வரிசை வரிசையாக நடந்தாள். யாரோ ஒருவர் தன் காரில் ஏறப் போனார்.

"சார், முன் டயர் உள்பக்கம் தேஞ்சிருக்கு. பாத்துக்கங்க."

அவர் குனிந்து பார்த்தார். "ஆமா! தேங்க்ஸ்ம்மா. நீங்க டயர் கடையா?"

"இல்ல சார். உள்ள எங்கத்தானுக்குக் கண் ஆபரேஷன்," என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்கு நடந்தாள். அந்த வரிசையின் பாதியில், ஆஸ்பத்திரி வாசலில் நின்று பெரியவள் கையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

"ஏய், வாடி! முடிஞ்சிருச்சு. நல்லா இருக்கார். நர்ஸைத் திட்டறார்!"